மனவரைபடமும் மணலி புதுநகரும்

பூண்டி ஏரியைத் திறக்கும்போது செய்தியில் ஓர் ஊர்ப் பட்டியல் வாசிப்பார்கள். கொசஸ்தலை ஆற்றின் இரு கரைகளிலும் தாழ்வான பகுதியில் உள்ளவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும் என்று தொடங்கி, தாமரைப்பாக்கம், காரனோடை, சீமாவரம், நாப்பாளையம், இடையன்சாவடி, மணலி, மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் என்று போய் நிற்கும். அதில் நாங்கள் கடைசிக்கு மூன்றாவது. எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் பெயர் சொல்ல இரண்டே ஊர்கள்தான். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது டிவியின் கீழே ஓடும் ஒரு வரி. எங்களுக்கு ஃபிரிட்ஜைத் தூக்கி மேஜை மேல் வைக்கும் நேரம்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி போகும் நெடுஞ்சாலையில், மணலியின் ஆலைகளைத் தாண்டி, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் மனை போட்டுக் கொடுத்த ஊர். அய்யா வைகுண்டர் தர்மபதி இருக்கும் ஊர் என்றால் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு உடனே புரியும். 2011-ல் மணலி நகராட்சியோடு சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டோம். நான் இங்கே வீடு கட்டியபோது சுற்றிலும் வெறும் பொட்டல். ஆலையில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்பதுதான் ஒரே கவர்ச்சி. ஆறு பக்கத்தில் இருப்பதை அப்போது நல்ல விஷயமாகத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

2015-ல் தண்ணீர் வந்தது. 2021 நவம்பரில், பூண்டியிலிருந்து விநாடிக்கு 30,000 கன அடிக்கு மேல் திறந்தபோது, மறுபடி வந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வந்ததைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அந்த முறை தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. எண்ணூர் கழிமுகம் வரை கறுப்பாகப் படர்ந்து, மீனவர்களின் வலையும் படகும் வீணாகி, எல்லாப் பத்திரிகையிலும் வந்த விஷயம். அதை நான் இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. எங்கள் தெருவில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் இரண்டு 'ஐயா' உண்டு. ஒருவர் முனையில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். இன்னொருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது, நுரையீரல் கெட்டுப்போனவர். கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். மகள் திருநின்றவூரில். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருக்கிறது. ஆனால் அது மின்சாரம் இருந்தால்தான் ஓடும். கரண்ட் போனால் மூலையில் நிற்கும் சின்ன சிலிண்டர் சில மணி நேரம் தாங்கும்.

டிசம்பர் 4 காலையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: "ஐயாவைக் கூட்டிட்டுப் போயாச்சு." எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டார்கள். போனது தலைமை ஆசிரியர். கிரேன் ஐயா இடுப்பளவு தண்ணீரில், கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் அவர், மடியில் சிலிண்டர் என்று உட்கார்ந்திருந்தார். போன் நனைந்து செத்துவிட்டது. அன்று குழுவில் வந்த செய்திகளைப் பிறகு நான் எண்ணிப் பார்த்தேன்: 412. அதில் பாதி, வேறு ஊர் வெள்ளத்தின் வீடியோ. சாயங்காலம் சடையங்குப்பத்திலிருந்து படகு தள்ளிக்கொண்டு வந்த ஒரு பையன், ஜன்னல் கம்பியில் துண்டு கட்டியிருப்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான் விஷயம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அது எங்கள் ஏற்பாட்டினால் இல்லை, துண்டினால்.

யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. செய்தி போட்டவர் பொய் சொல்லவில்லை. படித்தவர்கள் தப்பாகப் படிக்கவும் இல்லை. வாட்ஸ்அப் என்பது ஓடுகிற தண்ணீர். ஒன்றன் பின் ஒன்றாக வரும், போகும். எது எதற்குப் பதில், எது முடிந்தது, எது முடியவில்லை என்று நிற்காது. நிற்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று பொங்கலுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் பேச்சு வந்தது. ஒருவர் நோட்டுப் புத்தகம் என்றார், ஒருவர் எக்செல் என்றார். நான் மனவரைபடம் என்றேன்.

இங்கே கொஞ்சம் என் கதை. மணலியில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தோரு வருடம். எண்பதுகளில் எங்களுக்கு 'குவாலிட்டி சர்க்கிள்' என்று ஒன்று வந்தது. இந்தியாவில் அதை 1980-ல் ஹைதராபாத் பெல் நிறுவனம் தொடங்கியது, பிறகு எல்லா ஆலைகளுக்கும் பரவியது. வாரம் ஒரு மணி நேரம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, ஒரு பம்ப் ஏன் அடிக்கடி சீல் போகிறது என்று ஆராய வேண்டும். ஜப்பானியர் காவோரு இஷிகாவா கண்டுபிடித்த மீன் முள் படம் போடுவோம். தலையில் பிரச்சினை, முள்ளுக்கு முள் காரணம். ஆள், இயந்திரம், பொருள், முறை. அதில் நான் கற்ற விஷயம் ஒன்று உண்டு. கூட்டத்தில் வாயே திறக்காத ஃபிட்டர், முள்ளில் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தால் பேசிவிடுவார். காலி இடம் ஆளை இழுக்கும்.

ஓய்வுக்குப் பிறகு மகன் பழைய லேப்டாப்பைத் தந்தபோது ஃப்ரீமைண்ட் என்ற இலவச மென்பொருள் கிடைத்தது. நடுவில் ஒரு சொல், அதிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து கிளைகள், வேண்டாத கிளையை மடித்து வைத்துக்கொள்ளலாம். இதற்கு 'மைண்ட் மேப்' என்று பெயர் சொல்லிப் பிரபலப்படுத்தியவர் டோனி புசான் என்ற இங்கிலாந்துக்காரர், 1974-ல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாக. எனக்கென்னவோ அது மீன் முள்ளின் தம்பி மாதிரித்தான் தெரிந்தது. நான் இங்கே எழுதுகிற கட்டுரைகளுக்கெல்லாம் முதலில் அதில்தான் கிளை போடுவேன். ஆனால் அதெல்லாம் தனியாள் வேலை. பலர் சேர்ந்து ஒரே படத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால் இணையத்தில் இயங்குவது வேண்டும். 2007-ல் வந்த மைண்ட்மைஸ்டர் அப்படி ஒன்று. நாங்கள் தொடங்கியபோது இலவசக் கணக்கில் மூன்று வரைபடம் வைத்துக்கொள்ள முடிந்தது. எங்களுக்கு ஒன்று போதும்.

பலர் சேர்ந்து ஒரே திரையில் எழுதுவது புதுசு என்று நினைக்க வேண்டாம். 1968 டிசம்பர் 9-ல், சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் ஒன்றரை மணி நேரம் செய்து காட்டினார். கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலைக் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டினார். ஐம்பது கிலோமீட்டர் அளவு தள்ளியிருந்த சக ஊழியரோடு ஒரே எழுத்தின் மேல் சேர்ந்து வேலை செய்தார். மவுஸ் என்ற எலியை உலகம் பார்த்ததும் அன்றைக்குத்தான். அந்த நாளில் எங்கள் மணலியில் சுத்திகரிப்பு ஆலையே இன்னும் உற்பத்தி தொடங்கவில்லை.

இதையெல்லாம் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் டீச்சரம்மா சிரித்தார். மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவர்.

"சார், மனவரைபடம்தானே? நான் பதினோரு வருஷம் பிள்ளைங்களோட போட்டிருக்கேன்."

உண்மைதான். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை அதிகம் உச்சரித்தவர்கள் கணினிக்காரர்கள் இல்லை, ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் கீழ் வகுப்புகளுக்கு அட்டைகளும் ஏணிப்படியுமாக செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. அதன் தொடர்ச்சியாக நடுநிலை வகுப்புகளுக்கு வந்தது படைப்பாற்றல் கல்வி. பாடத்தை ஆசிரியர் வாசித்து விளக்குவதற்குப் பதில், பிள்ளைகளே படித்து, புதிய சொல்லை அடிக்கோடிட்டு, மனவரைபடம் வரைந்து, குழுவாகச் சேர்ந்து தொகுக்க வேண்டும். பரீட்சை மதிப்பெண் விஷயத்தில் அதற்கு எத்தனையோ விமர்சனம் உண்டு. ஆசிரியர்களே இரண்டு கட்சியாக இருந்தார்கள். ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு சார்ட் பேப்பரில் நடுவில் வட்டம் போட்டுக் கை நீட்டத் தெரியும்.

"நீங்க எல்லாரையும் ஒரே சமயத்துல ஒரே படத்துல விடப் பார்க்கறீங்க," என்றார் டீச்சரம்மா. "கிளாஸ்ல அப்படி விட்டா என்ன நடக்கும் தெரியுமா? கையெழுத்து நல்லா இருக்கிற பிள்ளை ஒண்ணு ஸ்கெட்ச் பேனாவைப் பிடிச்சிக்கும். மீதி நாலு பேர் வேடிக்கை பார்ப்பாங்க. முதல்ல ஆளாளுக்குத் தனியா வரையணும். அப்புறம்தான் குழு."

அவர் சொன்ன மாதிரியே செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா வீட்டு மொட்டை மாடியில் பதினொரு பேர். ஆளுக்கு ஒரு காகிதம். நடுவில் 'வெள்ளம்' என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றுகூட அவர் சொல்லவில்லை. "தண்ணி வந்தா உங்களுக்கு முதல்ல எது ஞாபகம் வருதோ அதை நடுவுல போடுங்க," என்றார்.

அந்தப் பதினொரு காகிதங்களையும் நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஒரே வெள்ளத்தை அனுபவித்த ஒரே ஊர்க்காரர்கள், நடுவில் எழுதியது ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. என் காகிதத்தில் 'மின்சாரம்'. சங்கச் செயலாளர் காகிதத்தில் 'மாநகராட்சி', அதிலிருந்து மனு, மனு, மனு என்று கிளைகள். ரேஷன் கடையில் வேலை பார்த்தவர் 'அரிசி'. இட்லிக் கடை அக்கா எழுதத் தெரியாது என்று தயங்கி, பேத்தியை விட்டு எழுதச் சொன்னது 'கக்கூஸ்'. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். நான்கு நாள் மாடியில் அடைந்து கிடந்தபோது அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள் என்பது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. என் மனைவியும் அப்படித்தான் இருந்திருக்கிறாள். நாற்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரு காகிதத்தில் இட்லிக் கடை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. படகு கொண்டுவந்த சடையங்குப்பத்துப் பையனையும் கூப்பிட்டிருந்தோம். அவன் நடுவில் 'படகு' போட்டிருப்பான் என்று நினைத்தேன். அவன் போட்டிருந்தது 'சுவர்'. தண்ணீருக்குள் எந்த மதில் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் படகு மோதுகிறதாம். உங்கள் ஊரில் சுவர் ஜாஸ்தி சார் என்றான்.

இந்தப் பதினொன்றையும் மென்பொருளில் ஏற்றி ஒன்றாக்கியது இரண்டு வாரம். யார் எழுதியது என்று தெரிய ஆளுக்கு ஒரு நிறம் வைத்துக்கொண்டோம். ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து திறப்போம். நான் ஒரு கிளையை இழுத்து வைப்பதற்குள் அது வேறு யாரோ கையால் நகர்ந்து போகும். முதல் நாள் அது பேய் வீடு மாதிரி இருந்தது. செல்போனில் பார்ப்பவர்களுக்குக் கஷ்டம். படம் பெரிசாகப் பெரிசாக எழுத்து எறும்பாகிவிடும். ரேஷன் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கி, கடைசியில் எனக்குப் போன் செய்து வாயால் சொல்லிவிடுவார், நான் அவர் நிறத்தில் ஏற்றிவிடுவேன். சேர்ந்து வேலை செய்வது என்றால் எல்லோரும் தட்டச்சு செய்ய வேண்டும் என்று யார் சொன்னது?

படத்தில் எங்களுக்குப் பெரிய தகராறு வந்தது 'தண்ணீர் எங்கிருந்து வருகிறது' என்ற கிளையில். பூண்டி என்றார் ஒருவர். இல்லை, புழல் என்றார் இன்னொருவர். மாநகராட்சியின் வடிகால்தான், நம் தலையில் விழுந்த மழையே போக வழியில்லை என்றார் செயலாளர். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாயில் கொசஸ்தலை வடிநிலப் பகுதிக்கு வடிகால் கட்டுகிறார்கள், அதன் பள்ளங்களை எங்கள் தெருக்களிலும் பார்த்துவிட்டோம் என்பதால் அதில் அவருக்குத் தனி ஆர்வம்.

மூன்றும் சரிதான். மழைத் தண்ணீர் மழை பெய்யும்போதே நிற்கும். புழல் உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி வழியாக சடையங்குப்பம் பக்கம் வந்து சேரும். பூண்டித் தண்ணீர் கொசஸ்தலையில் எத்தனையோ மைல் வந்தாக வேண்டும். அதனால் மழை விட்டு, வெயில் அடித்து, துணி காயப்போட்ட பிறகு வரும். 2021-ல் அப்படித்தான் ஏமாந்தோம். இவை எல்லாம் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கடல் ஏறியிருந்தால், புயல் கரையைத் தள்ளிக்கொண்டிருந்தால், போகாது. நிற்கும். 2023-ல் மூன்றும் ஒன்றாக வந்து, கடலும் வாயை மூடிக்கொண்டது.

இதை மென்பொருளில் போடப் போனபோதுதான் சிக்கல். மனவரைபடத்தில் ஒரு கிளைக்கு ஒரே ஒரு தாய்க்கிளைதான். 'சடையங்குப்பம்' என்ற முடிச்சை பூண்டிக்குக் கீழே வைப்பதா, புழலுக்குக் கீழே வைப்பதா? மரத்தில் கிளைகள் பிரியும். ஆற்றில் கிளைகள் சேரும். மரத்தைத் தலைகீழாகப் பிடித்தால்தான் ஆறு. அமெரிக்காவில் ஜோசப் நோவாக் என்ற பேராசிரியர் எழுபதுகளில் 'கருத்து வரைபடம்' என்று வேறொன்றை உருவாக்கினார். அதில் ஒரு முடிச்சுக்கு எத்தனை பக்கத்திலிருந்தும் கோடு வரலாம், கோட்டின் மேல் என்ன உறவு என்றும் எழுதலாம். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு உண்மையில் அதுதான் பொருந்தும். ஆனால் பதினொரு பேரும் இப்போதுதான் ஒன்றில் பழகியிருக்கிறார்கள், மாற்றினால் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். கிளைகளுக்குக் குறுக்கே அம்பு போட்டுச் சமாளித்தோம். அந்த அம்பில் டீச்சரம்மா எழுதச் சொன்னது: 'ஒரு நாள் கழித்து'. படம் முழுக்கவும் மிகப் பயனுள்ள சொல் அதுதான் என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு ஒரு நாள் காலை திறந்தால் 'சடையங்குப்பம்' கிளையையே காணோம். அதன் கீழே இருந்த பர்மா நகரும், படகும், சுவரும் எல்லாம் போயிருந்தன. கை தவறி அழிந்ததோ என்று நான் குழுவில் கேட்டேன். செயலாளர் ஒளிக்கவில்லை. "நான்தான் எடுத்தேன்," என்று பதில் போட்டார். சந்தா கட்டுகிற உறுப்பினர்களுக்குத்தான் சங்கம் பொறுப்பெடுக்க முடியும், ஊர் முழுக்கச் சேர்த்துக்கொண்டு போனால் நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்தால் கேள்வி யாரிடம் வரும், என்பது அவர் வாதம். நியாயமில்லாத வாதம் என்று தள்ளிவிட முடியாது. அவர் இருபது வருடமாக அலுவலக வாசலில் நின்று மனுக் கொடுத்துக்கொண்டிருப்பவர். பொறுப்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரிகிற அளவு மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் அன்று ராத்திரி அந்தப் பையன் படத்தைத் திறந்திருப்பான் இல்லையா? தன் ஊர் இருந்த இடத்தில் வெறும் வெள்ளையைப் பார்த்திருப்பான். குழுவில் அவன் ஒரு வார்த்தை எழுதவில்லை.

டீச்சரம்மாவும் விவாதம் செய்யவில்லை. அடுத்த ராத்திரி ஒன்பது மணிக்குத் திறந்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு சொல்லாக அந்தக் கிளையைத் திரும்பத் தட்டச்சு செய்தார். எங்கள் எல்லோர் திரையிலும் அது எழுத்து எழுத்தாக வந்துகொண்டிருந்தது. ச. சடை. சடையங்குப்பம். நடுவில் யாரும் எதுவும் நகர்த்தவில்லை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். செயலாளரும் இணைப்பில் இருந்தார், பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அழிக்கவில்லை. ஒத்துக்கொண்டதாகவும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

கிளைகளின் நுனி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். ஆலையில் ஒரு பைப்லைனில் கை வைக்க வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும். அதில் கையெழுத்து என்பது ஒரு ஆளின் கையெழுத்து. 'பராமரிப்புப் பிரிவு' என்று போட்டால் செல்லாது. எங்கள் படத்தில் பாதி நுனிகளில் 'சங்கம்', 'இளைஞர்கள்', 'அனைவரும்' என்று இருந்தன. அனைவரும் என்றால் யாரும் இல்லை. ஒவ்வொரு நுனியிலும் ஒரு மனிதரின் பெயர், அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்த பெயர். இந்த வேலைக்கு மூன்று வாரம் போனது, படம் வரைந்ததைவிட அதிகம். கிளை வரையும்போது எல்லோருக்கும் உற்சாகம். பெயர் கேட்டால் பொண்ணு கல்யாணம், முட்டி வலி.

நோயாளிகள் கிளையில் வேறொரு பிரச்சினை. யார் வீட்டில் யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு ஆக்சிஜன், யார் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் போன் எண்ணோடு ஒரே இடத்தில். படத்தின் இணைப்பை யாராவது யாருக்காவது அனுப்பினால் போதும், எல்லோர் வீட்டு ரகசியமும் வெளியே. தனியாக இருக்கும் முதியவர்கள் பட்டியல் யார் கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. என் மருமகள்தான் இதை முதலில் சொன்னாள். அதனால் அந்தக் கிளையில் வீட்டுக்கு ஒரு எண் மட்டும் வைத்துவிட்டு, விவரத்தை டீச்சரம்மா ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்தார். மென்பொருளில் போடாமல் இருக்க வேண்டியது எது என்று முடிவு செய்ததும் நாங்கள் சேர்ந்து செய்த வேலைதான்.

புயல் வந்தால் நெட்டும் போகும், சார்ஜும் போகும் என்பதால் படத்தை ஃபிளெக்ஸில் அடித்துத் தெரு முனையில் கட்ட முடிவானது. செலவு யாருடையது தெரியுமா? செயலாளருடையது. ஃபிளெக்ஸ் கடையில், நான் கொடுத்த படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து கலங்கியது. நம் யூனிகோடு எழுத்தை எடுத்து அவர்கள் கணினியில் போட்டால் கட்டம் கட்டமாக வந்தது, அங்கே இன்னும் பழைய எழுத்துருதான். கடைப் பையன் மொத்தத்தையும் திரும்பத் தட்டச்சு செய்தான். 'பம்பு செட்' என்பது 'பாம்பு செட்' ஆகிவிட்டது. வெள்ளத்தில் பாம்பும் வரும், அதற்கும் ஒரு கிளை இருந்தது என்பதால் சரி பார்த்த நாலு பேரும் கவனிக்கவில்லை. கட்டி ஏற்றிய பிறகு இட்லிக் கடை அக்காவின் பேத்திதான் கண்டுபிடித்தாள். இன்றும் அப்படியே தொங்குகிறது. பம்பு வைத்திருப்பவருக்குப் பாம்புக்காரர் என்று பெயர் வந்துவிட்டது.

2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். வேளச்சேரியில் மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தினார்களே, அந்த வாரம். 15-ம் தேதி நல்ல மழை. மத்தியானம் டீச்சரம்மா பீரோவைத் திறந்தார். கிரேன் ஐயாவின் நுனியில் மூன்று பெயர்கள்: ரேஷன் கடைக்காரர், நான், சடையங்குப்பத்துப் பையன். மூவரும் போய் நின்றோம். இயந்திரம், சிலிண்டர், மருந்துப் பை, ரேடியோ எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி, தண்ணீர் சாலைக்கு வருமுன் திருநின்றவூருக்கு மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பையன் கூடவே போய் இயந்திரத்தை மாட்டிக் கொடுத்துவிட்டு ராத்திரி திரும்பினான்.

மழை ஏமாற்றிவிட்டது. 16-ம் தேதி பெரிசாகப் பெய்யும் என்றார்கள், தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்து போய்விட்டது. எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர், அதுவும் மறுநாள் வடிந்தது. நாலாம் நாள் ஐயா திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாக எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னாத்துக்குய்யா என்னை அங்க தள்ளுனீங்க? நாலு நாளும் மாப்ள மூஞ்சியப் பாத்துக்கினு கெடந்தேன். சாம்பார்ல உப்பே போடாது அந்தப் பொண்ணு."

மழை வரும் என்று சொன்னார்கள் ஐயா, என்றேன்.

"வந்துச்சா?"

வரவில்லை.

அவர் மூக்குக் குழாயைச் சரி செய்துகொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு ரேஷன் கடைக்காரரைக் காட்டினார். "இவுரு ஊட்டு மாடிப்படி ஏறவே ரெண்டு தபா உக்கார்றாரு. இவுரு என்னைத் தூக்குவாரா? அந்தப் படத்துல இவுரு பேரை எடுத்துட்டு மொதல்ல இந்தப் பையன் பேரைப் போடு. அடுத்த தபா கண்டி அனுப்புறதா இருந்தா, மேல் மாடிக்கு அனுப்பு. மாப்ள ஊட்டுக்கு வேணாம்."

ரேஷன் கடைக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. வழியெல்லாம் பேசவில்லை. அன்று ராத்திரி ஒன்பது மணிக்குப் படத்தைத் திறந்தேன். அவர் நிறத்திலேயே, அவர் கையாலேயே முதல்முறையாக ஒரு மாற்றம் செய்திருந்தார். பையன் பெயரை மேலே ஏற்றி, தன் பெயரைக் கீழே இறக்கி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வேலையும் சேர்த்திருந்தார்: ரேடியோ, மருந்துப் பை.